எழுத்துக் கூட்ட வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது எப்படி

"டெஸ்டு எங்கக்கா எடுக்கறது?" என்னைத் தேடி வருகிறவர்கள் எடுத்ததும் கேட்பது இதுதான். பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைச் சத்தத்தோடு கோர்த்துப் படிப்பதில் வரும் சிரமம், இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். எங்கே என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பேன்: "புள்ள தினம் யார்கிட்ட உக்காந்து படிக்குது, எவ்ளோ நேரம்?" இதற்குப் பெரும்பாலும் பதில் வராது.

அந்த டெஸ்டு எடுத்துச் சான்றிதழ் வாங்குவது ஒரு வேலை. படிக்கச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. முதலாவதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், அலைச்சல் உண்டு, நாள் பிடிக்கும். இரண்டாவதை இன்று சாயங்காலமே தொடங்கலாம். ஒரு பொறுமைசாலி, ஒரு தாம்பாளம் மணல், கொஞ்சம் அட்டை, தினம் அரை மணி நேரம் இருந்தால் சரி. முதல் வேலை முடியட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போட்டு, மூன்றாம் கிளாஸ் பிள்ளை ஆறாம் கிளாஸுக்குப் போய்விட்ட கதைகள் எங்கள் பக்கம் நிறைய.

நான் குடியாத்தம் பக்கம். 2022இல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகச் சேர்ந்தேன். முதல் வருஷம் நான் செய்தது எல்லாமே தப்பு. வராத எழுத்தை ஐம்பது தடவை எழுதச் சொன்னேன். பிள்ளைகளும் ஐம்பது தடவை எழுதினார்கள். மறுநாள் அதே எழுத்தைக் காட்டினால் கூரையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு என்றே ஒரு கற்பிக்கும் முறை இருக்கிறது என்று தெரிந்து, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். என்னைப் போல வீட்டுத் திண்ணையிலோ பள்ளி வராண்டாவிலோ தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு இல்லை, புத்திக் குறைவும் இல்லை. பேச்சில் வரும் சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்து எழுத்தோடு கோர்ப்பதில் மூளைக்கு வரும் சிரமம் அது. குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். "மண்டு", "சோம்பேறி" என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

என்னிடம் வந்த நாலாம் கிளாஸ் பையன் ஒருவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. லுங்கியில் எந்தக் கலர் கோட்டுக்கு அப்புறம் எந்தக் கலர் வரும் என்று அப்பாவுக்கே திருத்தம் சொல்வான். 'கொடி' என்ற சொல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு "கெ... ர... டி" என்றான். சிரிக்காதீர்கள். அவன் கண்ணுக்கு நேரே இருந்ததைத்தான் படித்தான். 'கெ' இருக்கிறது, பக்கத்தில் நிற்கும் கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம் என்று அவனுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

கவனிக்க வேண்டியவை: வாயால் கேட்டால் பதில் டாண் டாண் என்று வரும், தாளில் பூஜ்யம். நேற்றுப் படித்த சொல் இன்று புதுசு. 'படம்' 'பாடம்' ஆகும், 'வீடு' 'விடு' ஆகும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துவிடும். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேட்டால் திருதிருவென்று விழிக்கும். இந்தக் கடைசி வகைப் பிள்ளைகள்தான் ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மேல்வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் பேசுவதே 'மய பெய்யிது', 'வாயப்பயம்', 'வூட்டுக்குப் போறான்' என்றுதான். அதனால் பிள்ளை 'மழை'யை 'மயை' என்று எழுதினால் அது காதில் கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறது. அது டிஸ்லெக்சியாவின் அடையாளம் ஆகாது. ல-ள, ர-ற, ந-ன குழப்பமும் பாதி அப்படித்தான். குறில் நெடில் மாறுவது, எழுத்து விட்டுப்போவது, கூட்டிப் படிக்கவே வராமல் இருப்பது, இவற்றுக்குத்தான் அதிக எடை கொடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டில் உருது பேசுகிற பிள்ளைகளும் காட்பாடி பக்கம் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் தமிழ்ச் சொல்லே தெரியாமல் தடுமாறலாம். அவர்களிடம் அவர்கள் வீட்டு மொழியிலேயே சத்த விளையாட்டு ஆடிப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

கண்ணும் காதும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள். நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டிய ஒரு பெண்ணுக்குக் கடைசியில் தேவைப்பட்டது கண்ணாடிதான்.

வீட்டில் பேசுவது

அம்மாவிடம் "உங்க புள்ளைக்குக் குறை" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். மாமியார் காதில் விழுந்தால் பழி மருமகள் தலையில் விழும். நான் இப்படித்தான் தொடங்குவேன்: "அக்கா, இவன் நல்லா புரிஞ்சிக்கிறான். எழுத்துல இருந்து சத்தம் எடுக்கறதுல மட்டும் மாட்டிகினு நிக்கிறான். அத வேற மாதிரி சொல்லிக் குடுத்தா வரும். தினம் அரை மணி நேரம் என்கிட்ட உடுங்க." அப்பாக்காரர் பக்கத்தில் இருந்து "நானும் சின்ன வயசுல இப்பிடித்தாம்மா, அஞ்சாங்கிளாசோட நின்னுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது கேட்பார்கள்.

இரண்டு வாக்குறுதி வாங்குங்கள். அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. இரண்டாவதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

எழுத்துக்கு முன்னால் காது

முதல் இரண்டு வாரம் புத்தகம், பென்சில் எதுவும் வேண்டாம். வாய் விளையாட்டு மட்டும்.

'மாமரம்' சொல்லு. அதில் முதல் 'மா'வை எடுத்துவிடு, என்ன மிச்சம்? 'பாட்டு' சொல்லு. 'பா'வுக்குப் பதில் 'மா' போடு. இப்போது 'வீ' போடு. 'ம்' சத்தத்தில் முடியும் சொல் மூன்று சொல்லு. 'தக்காளி'க்கு எத்தனை தட்டு? கை தட்டி எண்ணு.

பிறகு குறில் நெடில். கல்-கால், வடை-வாடை, எடு-ஏடு, கொடு-கோடு, விடு-வீடு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை முழங்கை வரை இழுப்பது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் இலக்கணம் சொல்லும் கணக்கை உடம்பால் அளக்கிறோம், அவ்வளவுதான். 'பாடு-பாட்டு' போன்ற ஒற்று வரும் சொற்களுக்கு நடுவில் ஒரு கணம் மூச்சை நிறுத்தச் சொல்லுங்கள். ஒற்றெழுத்தை விழுங்கும் பிள்ளைகளுக்கு இந்த நிறுத்தம் பெரிய உதவி.

எழுத்து எந்த வரிசையில்

அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டையும் முடித்து, பதினெட்டு மெய்யும் முடித்து, அப்புறம் 247க்குப் போவது மற்ற பிள்ளைகளுக்கு ஒத்துவரலாம். நம் பிள்ளைகளுக்கு மூன்று எழுத்திலேயே ஒரு சொல் கையில் வந்தாக வேண்டும். ப, ட, ம, ம் இந்த நாலோடு தொடங்குங்கள். படம், மடம் வந்துவிடும். ட் சேர்த்தால் பட்டம், மட்டம். க சேர்த்தால் கட்டம், கடகம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மெய்யெழுத்தை நாம் 'இம்', 'இட்', 'இக்' என்றுதான் கூப்பிடுகிறோம். அது எழுத்தின் பெயர், சத்தம் அல்ல. பிள்ளை 'ப... ட... இம்' என்று கூட்டினால் 'படயிம்' என்றுதான் வரும். "உனக்கு இது கூடவா வராது?" என்று நாம் திட்டுவோம். அவன் சொன்னதில் தப்பில்லை, நாம் சொல்லிக்கொடுத்ததில்தான் தப்பு. 'ம்' என்றால் உதட்டை மூடி முனகல், 'ட்' என்றால் நாக்கு மேலே போய் ஒட்டி நிற்கும் இடம். 'இ' என்கிற வாலை வெட்டிவிடுங்கள். இதை மட்டும் திருத்தி ஒரே வாரத்தில் கூட்டத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கால். பாடம், மாடம், காகம். 'ய' சேர்த்ததும் அவனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போங்கள், அல்லது போனில் போட்டோ எடுத்து வாருங்கள்: பஸ் பலகையில் 'பாகாயம்'. கொம்பில்லை, சுழியில்லை. ப, க, ய, ம், இரண்டு கால். இந்தப் பிள்ளைகளுக்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கும். விசிறி (இகரக் குறி) வந்ததும் 'காட்பாடி'. 'அடுக்கம்பாறை' மூன்று மாதம் கழித்துத்தான்.

உகரம் ஒரு காடு. ஆகாரத்துக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கால், உகரத்துக்கு அப்படி இல்லை. குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுங்கள். சு, பு, யு, வு ஒரு குடும்பம், கீழே கோடு இறங்கும். டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று, அடியில் வளைந்து சுற்றும். து, நு, லு, று, னு, ணு அடியில் சுழித்து வலப்பக்கம் ஏறும். 'கு' மட்டும் தனிக்கட்டை. ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பத்துக்கு மேல் வேண்டாம். ஊகாரத்தை மாதம் கழித்துத் தொடுங்கள்.

கடைசியில் கொம்பு. 'கெ, கே, கை' மூன்றிலும் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது. 'கொ, கோ'வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. நான் கொம்பைச் சிவப்பு அட்டையிலும் கால்களைப் பச்சை அட்டையிலும் வெட்டி வைத்திருக்கிறேன். 'க' அட்டையை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் பிள்ளையே கொம்பையும் காலையும் கொண்டுவந்து அணைக்க வேண்டும். அணைத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். 'கெரடி' பையன் இந்த அட்டையோடு ஒன்பது நாள் உட்கார்ந்தான். பத்தாம் நாள் 'கொடி', 'கொட்டகை', 'பொடி' மூன்றும் வந்தது. 'தொட்டி'யில் மறுபடி சறுக்கினான். இப்படித்தான் போகும்.

ஒரு ஆறுதல்: முன்பு லை, ளை, ணை, னை நான்குக்கும் மேலே துதிக்கை வைத்த தனி வடிவம் இருந்தது. ணா, றா, னாவுக்கும் தனி முடிச்சுகள். பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்று அவற்றை எடுத்துவிட்டது. அவர் 1973இல் கண்மூடியது நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். நம் பிள்ளைகளுக்கு அவர் எத்தனை முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போனார் என்று அட்டை வெட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அரை மணி நேரம் எப்படிப் போகும்

ஐந்து நிமிஷம் வாய் விளையாட்டு. ஐந்து நிமிஷம் பழைய அட்டைகள். அப்புறம் புது எழுத்து, ஒரு நாளைக்கு ஒன்று, சில வாரம் ஒன்றுகூட இல்லை. புது எழுத்தைத் தாம்பாளத்து மணலிலோ முறத்தில் பரப்பிய கேழ்வரகு மாவிலோ விரலால் எழுத வேண்டும், எழுதும்போதே சத்தத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் ஆனா கில்லிங்காம் என்ற ஆசிரியரும் வகுத்த வழி இது. சத்தத்தையும் எழுத்தையும் நேராக, படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் பல முறைகளுக்கு இதுதான் வேர்.

பிறகு சொல் கூட்டுவது, நான் சொல்ல அவன் எழுதுவது. கடைசி ஐந்து நிமிஷம், இதுவரை படித்த எழுத்துகள் மட்டுமே வரும் நாலு வரி. அப்படி அளந்து எழுதிய கதை கடையில் கிடைக்காது, நீங்களே எழுத வேண்டும். 'மாமா படம் பாடமா?' போன்ற அபத்தங்கள் என் நோட்டில் நிறைய உண்டு. பிள்ளைகள் அதற்குத்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

'தங்கம்' என்று படிக்கும்போது 'க'வைக் 'கல்'லில் வருவது போல அழுத்திச் சொன்னால் சொல் பிடிபடாது. "கொஞ்சம் மெத்துனு சொல்லிப் பாரு" என்று நினைவூட்டினால் போதும். தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் சத்தம் மாறும் என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, படித்த எழுத்துகளில் ஒரு சொல் பட்டியல் கொடுத்து, ஒரு நிமிஷத்தில் எத்தனை சொல் சரியாகப் படித்தான் என்று குறித்து வைக்கவும். போன மாத எண்ணைவிட இந்த மாதம் கூட வேண்டும், அதுதான் ஒரே கேள்வி. இரண்டு மாதமாக எண் அசையவே இல்லை என்றால் உங்கள் கைக்கு மீறியது. அப்போது பயிற்சி பெற்ற சிறப்பு ஆசிரியரைத் தேடுங்கள்.

செய்யக் கூடாதது: தண்டனையாக எழுதவைப்பது, எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கச் சொல்வது, படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வது. கலர் கண்ணாடி, கண் பயிற்சி, 'மூளையைத் தூண்டும்' வகுப்பு இவற்றுக்குப் பணம் கட்டுவது. எங்கள் தெருவில் ஒரு பீடி சுற்றும் அம்மா அப்படி ஒரு இடத்தில் சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார். பிள்ளை கற்றுக்கொண்டு வந்தது கண்ணை மூடிக்கொண்டு பந்து பிடிக்க. டிஸ்லெக்சியாவுக்கு மருந்து மாத்திரை கிடையாது.

இங்கிலீஷ்

தமிழ் மீடியம் பிள்ளை என்றால் தமிழில் கூட்ட வந்த பிறகு தொடங்குங்கள். இங்கிலீஷ் மீடியம் என்றால் வேறு வழியில்லை, இரண்டும் ஓட வேண்டும், ஆனால் ஒரே அரை மணிக்குள் இரண்டையும் திணிக்காதீர்கள். இருபத்தாறு எழுத்தில் நாற்பதுக்கு மேல் சத்தம் உள்ள மொழி அது. 'பி யு டி' புட் என்றால் 'சி யு டி' மட்டும் ஏன் கட் என்று பிள்ளை கேட்டால், கேள்வி நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அங்கேயும் எழுத்தின் பெயரை விட்டுவிட்டுச் சத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி அந்த டெஸ்ட்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்லெக்சியா அதற்குள் வருகிறது. கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்தில் விலக்கு ஆகியவற்றை அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. பத்தாம் கிளாஸ் பொதுத்தேர்வுக்கு இது உயிர்நாடி. ஒன்பதாம் கிளாஸிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள், டிசம்பரில் ஓடாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு வேலூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தோடு சேர்ந்த நம்பிக்கை நிலையம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசுச் சான்றிதழுக்கும் அதை வைத்துப் பெறும் தனித்துவ அடையாள அட்டைக்கும் அரசு மருத்துவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். மத்திய அரசு நெறிமுறைப்படி சான்றிதழ் எட்டு வயது நிறைந்த பிறகுதான். அறிவுத்திறன் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் இருக்கும், ஒரே நாளில் முடியாது. ஆதார், போட்டோவோடு பிள்ளையின் பழைய நோட்டுகளையும் எடுத்துப்போங்கள். எல்லாரும் பளிச்சென்று புது நோட்டைக் கொண்டுபோகிறார்கள். மருத்துவருக்கு வேண்டியது சிவப்பு மையில் குளித்த அந்தப் பழைய டிக்டேஷன் நோட்டுதான்.

பள்ளியில் கேட்க வேண்டியது ஒன்று: வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கிழமை வருகிறார்? அவரைப் பார்த்து நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள். வேலை இரட்டிக்காது. பள்ளி பிடிகொடுக்கவில்லை என்றால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு அழைக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. உங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு ஆசிரியரையாவது அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர்கள்

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், டிரைவிங் லைசென்ஸுக்காக என்னிடம் வந்தார். சம்பளச் சீட்டில் தன் பெயரை வடிவமாக அடையாளம் தெரியும், படிக்கத் தெரியாது. பெரியவர்களுக்கும் இதே வரிசைதான், மணல் தாம்பாளம் மட்டும் வேண்டாம், கூச்சப்படுவார்கள். மேஜைமேல் விரலால் எழுதினால் போதும். கதைக்குப் பதில் கம்பெனி நோட்டீஸ், ரேஷன் கடைப் பலகை. பிள்ளைகள் போன பிறகு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மையம் நடத்துகிறவர்களும் இந்த வரிசையை முயன்று பார்க்கலாம். அங்கே பலமுறை சேர்ந்து பலமுறை நின்றுபோகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும்.

அடுத்த ஆளைப் பிடிப்பது

ஒருவர் தினமும் நாலைந்து பேருக்கு மேல் இப்படிப் பார்க்க முடியாது. நானும் பத்துப் பேரைச் சேர்த்துப் பார்த்தேன், டியூஷன் ஆகிவிட்டது. அதனால் பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாக்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது படித்தவர் போதும். ஒரு மாதம் பார்க்கட்டும், அடுத்த மாதம் பழைய அட்டைப் பகுதியை அவர் நடத்தட்டும், மூன்றாம் மாதம் அவர் தெருவில் ஒரு பிள்ளையோடு தொடங்கட்டும். எங்கள் பக்கம் இப்போது மூன்று திண்ணைகள் இப்படித்தான் ஓடுகின்றன.

அவர் கிளம்பும்போது கையில் கொடுக்க ஒரு முழு அட்டைப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். சார்ட் பேப்பரில் வெட்டினால் ஒரு மாதத்தில் ஓரம் மடங்கிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் உறுதியானது, காசும் இல்லை. முகூர்த்த மாதம் முடிந்ததும் தெருவில் ஒரு நடை நடந்தால் நூறு தேறும். போட்டு வைக்க ஷூ டப்பா. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, நமக்கு அதற்கா பஞ்சம்?